வணக்கம் எங்கே போனது?

நிரல் எழுதப் பழகும் எவரும் முதலில் எழுதுவது, திரையில் ஒரு வணக்கம் சொல்லும் நிரலைத்தான். அன்று நான் எழுதியதும் அதுவே. ஒரே வித்தியாசம், அதை ஓட்டியது கணினியோடு வந்த இயங்குதளத்தில் இல்லை. நானே கட்டிய ஒன்றில். ‘கட்டிய’ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இயங்குதளத்தின் கருவான லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை இறக்கி, வேண்டாதவற்றைக் கழித்துக் கம்பைல் செய்து, அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு சின்னக் கோப்புறையையும் வைத்துத் தைத்தேன். கோப்புறைக்குள் ஒரே ஒரு நிரல். கெர்னல் எழுந்து வந்து வன்பொருள்களை எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு முதன்முதலில் ஓட்டும் நிரலுக்கு ‘இனிட்’ என்று பெயர். என் இயங்குதளத்தில் அந்தப் பதவி இந்த வணக்க நிரலுக்கு. நிஜக் கணினியைக் கெடுத்துக்கொள்ள மனமில்லாததால் கியூஎமு என்ற போலிக் கணினிக்குள் ஓட்டினேன்.

கெர்னலின் செய்திகள் சரசரவென்று ஓடின. நினைவகம் இவ்வளவு, புராசசர் இன்னது, கடிகாரம் இன்னது. பிறகு நின்றன. கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. வணக்கம் வரவில்லை.

மூன்று வரி நிரலில் என்ன தவறு இருந்துவிட முடியும்? இருந்தும் அரை மணி நேரம் அந்த மூன்று வரிகளையே வெறித்துக்கொண்டிருந்தேன். மாடிக் குழாயில் தண்ணீர் வராதபோது குழாயையே திருகிக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால் சிரிப்போம். மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் ஓடியதா, நடுவில் யாராவது வால்வை அடைத்துவிட்டார்களா என்று பார்ப்பவர்தான் விவரமானவர். நிரலின் பேச்சுக்கும் அப்படியொரு குழாய்ப் பாதை உண்டு. நிரல் ‘அச்சிடு’ என்கிறது. சி மொழியின் நூலகம் அதை வாங்கி ஒரு தற்காலிகக் கிடங்கில் வைக்கிறது. அங்கிருந்து ‘ரைட்’ என்ற அழைப்பு வழியாக அது கெர்னலுக்குள் போகிறது. ‘இது எந்தக் கோப்புக்கு?’ என்று கெர்னல் ஒரு பட்டியலைப் புரட்டுகிறது. கன்சோலுக்கு என்று தெரிந்தால் அதன் டிரைவரிடம் கொடுக்கிறது. டிரைவர் வன்பொருளுக்குத் தள்ளுகிறது. வன்பொருள் எழுத்தின் உருவத்தைத் தேடியெடுத்துத் திரையில் போடுகிறது.

உபுண்டுவிலோ விண்டோஸிலோ இந்தப் பாதையை யாரோ முன்பே போட்டு, சோதித்து, மண் மூடிவிட்டார்கள். அப்படியொன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. சொந்தமாக இயங்குதளம் கட்டுவதில் உள்ள நிஜ லாபம் இந்தப் பாதையைத் தோண்டிப் பார்க்க நேர்வதுதான் என்பேன். மற்றபடி அதனால் ஒரு பைசாவுக்குப் பயனில்லை.

முதல் கேள்வி: நிரல் ஓடியதா? திரை காலியாக இருப்பது அதற்குப் பதில் ஆகாது. ஓடவே இல்லை, ஓடியது ஆனால் பேசவில்லை, பேசியது ஆனால் நம் கண்ணுக்கு வரவில்லை; இவை மூன்றும் வெவ்வேறு நோய்கள். வெளியே தெரியும் அறிகுறி மட்டும் ஒன்று.

ஓடாத நோயை முந்தைய நாளே பார்த்திருந்தேன். அன்று கெர்னல் ‘இனிட்டை ஓட்ட முடியவில்லை, பிழை -2’ என்றது. பிழை எண் 2 என்றால் ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்று பொருள். கோப்புதான் அங்கே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறதே! கம்பைலர் வழக்கமாக உருவாக்கும் நிரல் தனியாக ஓடாது. பொது நூலகங்களைக் கொண்டுவந்து அதனோடு சேர்த்துவைக்க லோடர் என்ற இன்னொரு நிரல் வேண்டும். அந்த லோடர் இருக்கும் இடம் என் நிரலின் தலைப்பிலேயே குறிக்கப்பட்டிருந்தது. என் கோப்புறையில் லோடர் இல்லை. ஆக, கெர்னல் ‘இல்லை’ என்று சொன்னது என் நிரலை அல்ல, அதை ஓட்டிவர வேண்டிய துணையாளை. யார் இல்லை என்று அது சொல்வதில்லை. நூலகத்தை நிரலோடு சேர்த்தே இறுக்கிக் கட்டும் ‘ஸ்டாட்டிக்’ முறையில் மறுபடி கம்பைல் செய்ததும் அந்தப் பிழை போய்விட்டது. இதே இடத்தில் -13 வந்தால் ஓட்டும் அனுமதி இல்லை. -8 வந்தால் கோப்பின் வடிவமே கெர்னலுக்குப் புரியவில்லை, பெரும்பாலும் வேறு புராசசருக்காகக் கம்பைல் செய்திருப்போம்.

அந்தப் பிழை போன பிறகு வந்ததுதான் இந்த மௌனம். பேச முடியாத நோயாளியிடம் ‘கேட்கிறதா? கேட்டால் என் விரலை அழுத்துங்கள்’ என்பார் மருத்துவர். நிரலிடமும் அப்படி வேறு வழியில் கேட்க வேண்டும். லினக்ஸில் இனிட் நிரல் சாகவே கூடாது. செத்தால் கெர்னல் பேனிக் ஆகி எல்லாவற்றையும் நிறுத்தி, இனிட்டைக் கொல்ல முயற்சி நடந்ததாக அலறும். அப்படி அலறும்போது, நிரல் கடைசியாக விட்டுச்சென்ற எண்ணையும் சேர்த்து அச்சிடும். எனவே நிரலின் தலையிலேயே ‘7 என்று சொல்லிவிட்டுச் செத்துப் போ’ என்று ஒரு வரி சேர்த்தேன். பேனிக் செய்தியில் பதினறும எண்ணில் 700 வந்தது. வெளியேறும் எண்ணைக் கெர்னல் எட்டு பிட் இடப்பக்கம் தள்ளி வைப்பதால் 7 அங்கே 700 ஆகத் தெரியும். நிரல் ஓடியிருக்கிறது!

திரை இல்லாதபோது வேறு வழியில் பேசும் வழக்கம் கணினிக்குப் புதிதில்லை. ரேம் சரியாகப் பொருந்தாவிட்டால் மேசைக் கணினி ‘பீப் பீப்’ என்று கத்தும். கடைக்காரர் ரேமைக் கழற்றி அதன் தங்க முலாம் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டுவார். திரையை இயக்கவே நினைவகம் வேண்டும், அந்த நினைவகமே தகராறு என்றால் ஒலிப்பெருக்கியைத் தவிர வேறு வாய் ஏது? பழைய உருண்டை பின் விசைப்பலகை மாட்டிய கணினியில் லினக்ஸ் கெர்னல் பேனிக் ஆனால், விசைப்பலகையின் கேப்ஸ்லாக் விளக்கை மினுக்கும்.

நோய் எங்கே என்று அடுத்து பார்க்க வேண்டும். நீளமான பாதையில் அடைப்பைத் தேடும்போது ஒரு முனையிலிருந்து ஊர்ந்து போவதைவிட நடுவில் வெட்டிப் பார்ப்பது நல்லது. வெட்ட வசதியான இடம் நூலகத்துக்கும் கெர்னலுக்கும் இடையில். ‘பிரிண்ட்எஃப்’ என்ற நூலக அழைப்பை ஒதுக்கிவிட்டு, நேராகக் கெர்னலின் ‘ரைட்’டை அழைத்தேன். அது தோற்றால், தோற்ற காரணத்தின் எண்ணையே வெளியேறும் எண்ணாக வைத்துக்கொண்டு சாகும்படி எழுதினேன். இம்முறை 900. பிழை எண் 9. ‘நீ சொல்லும் கோப்பு எண் திறக்கப்படவே இல்லை’ என்பது அதன் பொருள்.

யூனிக்ஸ் குடும்பத்தில் ஒவ்வொரு நிரலும் பிறக்கும்போதே மூன்று கோப்புகள் திறந்தபடி இருக்கும் என்பது எழுதாத ஒப்பந்தம். 0 உள்ளீட்டுக்கு, 1 வெளியீட்டுக்கு, 2 பிழைச் செய்திக்கு. பிள்ளை நிரல்கள் இவற்றைத் தாய் நிரலிடமிருந்து பெறும். தாயே இல்லாத முதல் நிரலுக்கு? கெர்னலே ‘தேவ்’ கோப்புறையில் உள்ள ‘கன்சோல்’ என்ற சாதனக் கோப்பைத் திறந்து, அதையே மூன்று எண்களுக்கும் மாட்டிக் கொடுக்கிறது. என் கோப்புறையில் அந்தச் சாதனக் கோப்பு இல்லை. சாதாரணப் பயனருக்குச் சாதனக் கோப்பை உருவாக்கும் உரிமை கிடையாது. நான் சாதாரணப் பயனராகவே கோப்புறையைத் தயாரித்திருந்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், என் கோப்புறையைத் தைக்காமல் விட்டிருந்தால் கெர்னல் தானாகவே ஒரு கன்சோலை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும். நான் கொடுத்த கோப்புறை அதன் இடத்தைப் பிடித்ததால் அதுவும் போயிற்று.

கெர்னல் இதைச் சொல்லாமலும் இல்லை. தொடக்கக் கன்சோலைத் திறக்க முடியவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரி நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஓடியிருந்தது. சொல்லிவிட்டு, எதுவுமே நடக்காதது போல நிரலையும் ஓட்டியிருந்தது. படித்திருந்தால் ஒரு மாலைப் பொழுது மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு ஏமாற்றும் இங்கே நடந்தது. வெட்டிப் பார்ப்பதற்கு முன்பு பிரிண்ட்எஃப் திருப்பித் தந்த மதிப்பைத்தான் முதலில் சோதித்தேன். அது 21 என்றது. ‘வணக்கம்’ என்பதில் யூனிகோட் கணக்குப்படி வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 21 பைட்டும் வெற்றி! ஆனால் அது கிடங்குக்காரர் தந்த ரசீது. ஊர் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி ஆகாது. நூலகம் வாங்கி வைத்துக்கொண்டதோடு சரி, அனுப்பவே இல்லை.

மூன்று எண்களும் மூடியிருப்பது மௌனத்தோடு நின்றால் பரவாயில்லை. அதைவிட மோசமானதும் நடக்கலாம். புதிதாகத் திறக்கும் கோப்புக்குக் கெர்னல் இருப்பதிலேயே சிறிய காலி எண்ணைத்தான் கொடுக்கும். 0, 1, 2 மூன்றும் காலி என்றால், நிரல் திறக்கும் இரண்டாவது கோப்புக்கு 1 என்ற எண் கிடைக்கும். அது உங்கள் கணக்கு வழக்கு இருக்கும் கோப்பாக இருந்தால், அதன் நடுவில் போய் ‘வணக்கம்’ உட்காரும். திரையில் வராத வெளியீடு வேறெங்கோ போயிருக்கிறது என்பதை அப்போது யாரும் யோசிக்கக்கூட மாட்டோம்.

இப்படி வழி மாறிப் போன வெளியீட்டுக்கு லினக்ஸின் பிறப்பிலேயே ஒரு கதை உண்டு. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது மினிக்ஸ் என்ற இயங்குதளத்தையும் தன் வளர்ந்துவரும் கெர்னலையும் ஒரே கணினியில் வைத்திருந்தார். பல்கலைக்கழகக் கணினியைத் தொலைபேசி வழியே அழைக்க, மோடத்துக்கு டயல் கட்டளைகளை அனுப்பப் பார்த்தார். சீரியல் இணைப்பின் சாதனப் பெயருக்குப் பதில் வன்வட்டின் சாதனப் பெயரைக் கொடுத்துவிட்டார். கெர்னல் கேள்வி கேட்கவில்லை. டயல் கட்டளைகளை வட்டின் மீதே எழுதியது. மினிக்ஸ் இருந்த பகுதி பாழானது. அதை மீண்டும் நிறுவுவதற்குப் பதில் தன் கெர்னலையே முழுமையாக்கிவிடுவது என்று முடிவெடுத்ததாக அவரே தன் தன்வரலாற்றில் சொல்கிறார்.

பிழைச் செய்திக்கு எண் 2 என்று தனி வழி பிறந்ததற்கும் இப்படியொரு எரிச்சல்தான் காரணம். 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸைக் கொண்டு ஒளியச்சுக் கோத்துவந்தார்கள். அச்சுக் கோத்த நீளமான தாளை நாற்றம் பிடித்த ரசாயன இயந்திரத்துக்குள் கவனமாகச் செலுத்தி, சில நிமிடம் காத்திருந்தால்தான் எழுத்து தெரியும். ஒரு நாள் பலருக்கும் ஒரே அனுபவம். காத்திருந்து எடுத்துப் பார்த்தால், தாளில் அழகான எழுத்துருவில் ஒற்றை வரி: இன்ன கோப்பைத் திறக்க முடியவில்லை. முணுமுணுப்பு சரியான ஆட்களின் காதில் விழ, ஓரிரு நாளில் பிழைச் செய்திக்குத் தனி வாசல் திறந்தது என்று அங்கே பணியாற்றிய ஸ்டீவ் ஜான்சன் நினைவுகூர்ந்திருக்கிறார். அன்றுவரை நிரல் சொல்வதும் புலம்புவதும் ஒரே குழாயில்தான் போய்க்கொண்டிருந்தன.

என் கதைக்கு வருகிறேன். கெர்னலின் கட்டுமானப் பட்டியலில் ஒரு வரி சேர்த்து, சாதன எண்கள் 5, 1 கொண்ட கன்சோல் கோப்பை உருவாக்கினேன். பிரிண்ட்எஃப்பைத் திரும்ப வைத்தேன். சோதனைக்காகச் சேர்த்த மரணத்தை மட்டும் நிரலின் கடைசிக்கு நகர்த்தினேன். ஓட்டினேன். கியூஎமுவின் சாளரத்தில் கெர்னல் செய்திகள், பேனிக் செய்தி எல்லாம் வந்தன. வணக்கம் மட்டும் இல்லை.

அது இன்னொரு சாளரத்தில் இருந்தது. போலிக் கணினிக்கு நான் இரண்டு வாய் வைத்திருந்தேன்: ஒன்று திரை, மற்றது சீரியல் போர்ட். சீரியலில் வருவது வேறொரு டெர்மினலில் தெரியும். அதை மற்ற சாளரங்களுக்கு அடியில் மறந்துவிட்டேன். கெர்னலுக்குக் கொடுக்கும் தொடக்கக் கட்டளையில் எத்தனை கன்சோல் சொன்னாலும், கெர்னல் தன் செய்திகளை அத்தனையிலும் போடும். ஆனால் ஒரு நிரல் கன்சோலைத் திறந்தால் அதற்குக் கிடைப்பது பட்டியலில் கடைசியாகச் சொன்ன ஒன்று மட்டும். நான் திரையை முதலிலும் சீரியலைக் கடைசியிலும் எழுதியிருந்தேன். கெர்னல் இரு பக்கமும் பேச, என் நிரல் ஒரு பக்கம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. கெர்னலின் பேச்சு கேட்கிறதே, ஆகவே வழி திறந்துதான் இருக்கிறது என்று நம்புவது எவ்வளவு இயல்பானது பாருங்கள். மேசைக் கணினியில் இயங்குதளம் கட்டுபவர்களைவிட ராஸ்பெர்ரி பை போன்ற பலகைகளோடு மல்லாடுபவர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும்.

சீரியல் டெர்மினலில், பேனிக் செய்திக்குச் சற்று மேலே, ‘வணக்கம்’. மகிழ்ச்சியில் சோதனை மரணத்தை நீக்கி, இனிட் சாகாமல் இருக்க முதலில் வைத்திருந்த ‘சும்மா இரு’ என்ற வரியைப் பழையபடி வைத்தேன். வணக்கம் மறுபடி காணாமல் போனது! சாகும்போது பேசுகிறது, உயிரோடு இருக்கும்போது வாய் திறக்க மறுக்கிறது.

இந்த ஒன்றுதான் சொந்த இயங்குதளம் கட்டாதவர்களையும் தினமும் படுத்தும் நோய். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒவ்வோர் எழுத்துக்கும் கெர்னலின் கதவைத் தட்டுவது செலவு மிகுந்த காரியம். புராசசர் நிரலின் வேலையை நிறுத்தி, காவல் மாற்றி, கெர்னலுக்குள் போய்த் திரும்ப வேண்டும். பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதி, பின்னால் சி மொழியின் நிலையான நூலகமாக வளர்ந்த உள்ளீட்டு வெளியீட்டுத் தொகுப்பு, இதற்காகவே எழுத்துகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்புகிறது. சேர்த்துவைக்கும் இடத்துக்குப் பஃபர் என்று பெயர்.

ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஏறியதும் கிளம்பிவிடாது; ஆள் நிறைய வேண்டும். வெளியீடு கோப்புக்கோ இன்னொரு நிரலுக்கோ போகிறது என்றால் நூலகம் இந்த ஷேர் ஆட்டோ முறையைப் பின்பற்றுகிறது. லினக்ஸில் இருக்கைகள் பெரும்பாலும் 4096 பைட். வெளியீடு டெர்மினலுக்கு, அதாவது கண்ணெதிரே காத்திருக்கும் மனிதருக்கு என்றால் ஒரு சலுகை: புதுவரிக் குறி ஏறிய உடனே, ஆள் நிறையாவிட்டாலும் வண்டி கிளம்பும். பிழைச் செய்தி வழிக்குக் காத்திருப்பே இல்லை; வந்தவர் வந்தபடி தனி ஆட்டோவில் போகலாம். 1989-இல் உருவான சி மொழித் தரமும் இந்தப் பாகுபாட்டை ஒட்டியே எழுதப்பட்டது.

நான் எழுதிய வணக்கத்தின் முடிவில் புதுவரிக் குறி இல்லை. 21 பைட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டன. வண்டி கிளம்பக் காரணம் ஏதும் நேரவில்லை. நிரல் ஒழுங்காகச் சாகும்போது நூலகம் மிச்சமிருப்பவர்களை இறக்கிவிட்டுப் போகும். அதனால்தான் செத்தால் மட்டும் பேச்சு வந்தது. ஆனால் நிரலைக் கெர்னல் பலவந்தமாகக் கொன்றால், அல்லது நூலகத்தைக் கேட்காமல் நிரல் நேரடியாக வெளியேறினால், வண்டியோடு பயணிகளும் போச்சு. நிரல் பாதியில் செத்தது ஏன் என்று கடைசி வரியை வைத்து ஊகிப்பவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். திரையில் தெரியும் கடைசி வரி, நிரல் சொன்ன கடைசி வரி ஆகாது. அதற்குப் பின் சொன்னவை வண்டியிலேயே இருந்திருக்கும். இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. வண்டியில் ஆள் இருக்கும்போது நிரல் தன்னைப்போல் இன்னொரு நிரலைப் பெற்றால், பயணிகளும் இரட்டிக்கிறார்கள். ஒரு தடவை சொன்ன வணக்கம் இரண்டு தடவை வரும்.

பைதான் நிரலின் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிட்டு, கோப்பு காலியாகவே இருக்கிறதே என்று திகைத்தவர்கள் இதை வாசிப்பவர்களில் நிச்சயம் இருப்பார்கள். காரணம் இதே ஷேர் ஆட்டோதான். பைதானை ‘-யு’ என்ற விருப்பத்தோடு ஓட்டினால் காத்திருப்பு போய்விடும். சி மொழியில் ‘எஃப்ஃபிளஷ்’ என்று ஓர் அழைப்பு. ஆட்டோவைத் தட்டிக் கிளப்புவது. நான் வெறும் புதுவரிக் குறி சேர்த்தேன். 22 பைட். வணக்கம் வந்தது, நிலைத்து நின்றது.

லினக்ஸ் கெர்னலை இரவல் வாங்கிய எனக்கே இவ்வளவு. கெர்னலையும் தாங்களே எழுதுபவர்கள் நிலைமையைச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பிரிண்ட்எஃப் இல்லை, கோப்பு எண் இல்லை, டிரைவர் இல்லை. பழைய பாணிப் பிசியில் திரை என்பது நினைவகத்தின் ஒரு துண்டு: பதினறும எண்ணில் பி8000 என்ற முகவரியில் தொடங்கி, 80 பத்தி, 25 வரி, ஓர் எழுத்துக்கு இரண்டு பைட், மொத்தம் 4000 பைட். முதல் பைட் எழுத்து, இரண்டாவது நிறம். நிறப் பைட்டைச் சுழியமாக விட்டால் கறுப்பில் கறுப்பு. எழுத்து அங்கேதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. யூஇஎஃப்ஐ முறையில் எழும் இக்காலக் கணினிகளில் இந்த எழுத்துத் திரையே இருப்பதில்லை, புள்ளி புள்ளியாகப் படம்தான் வரைய வேண்டும். பழைய பாடத்தைப் பார்த்து பி8000-இல் எழுதிவிட்டுக் காத்திருந்தால் காலம் முழுக்கக் காத்திருக்கலாம்.

கெர்னல் எழுதுபவர்களின் இந்த உலகில் எனக்கு மிகவும் பிடித்த பிழை ஒன்று உண்டு. பழைய பாணிப் பிசி எழும்போது வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மிச்சத்தை ஏற்றுவது அந்த 512 பைட்டுக்குள் இருக்கும் குட்டி நிரலின் பொறுப்பு. பலரும் அதில் ‘15 துண்டு ஏற்று’ என்பது போல ஓர் எண்ணை எழுதி மறந்துவிடுவார்கள். 15 துண்டு என்றால் 7680 பைட். கெர்னல் வளர்கிறது. ஒரு நாள், வெளியீட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்றைச் சேர்க்கிறார்கள், விசைப்பலகைக்கான நிரலோ என்னவோ. திரையில் சொற்கள் மறைந்துவிடுகின்றன. சேர்த்ததை நீக்கினால் திரும்ப வருகின்றன. விசைப்பலகைக்கும் திரைக்கும் என்ன பகை என்று இரவெல்லாம் தேடுவார்கள். கெர்னல் 7680 பைட்டைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். கட்டளைகள் முன்னால் இருக்கும், சொற்கள் பின்னால் இருக்கும். வாலை வெட்டினால் முதலில் போவது சொற்கள். கட்டளைகள் ஒழுங்காக ஓடி, சொல் இருக்க வேண்டிய இடத்தில் வெற்று நினைவகத்தைப் படித்து அச்சிடும்.

இதற்குத் துப்பு எளிது. ‘ஏ’ போல ஒற்றை ஆங்கில எழுத்தை அச்சிடச் சொன்னால் அது வரும். ஒரு சொல்லைச் சொன்னால் வராது. ஒற்றை எழுத்தின் எண் கட்டளைக்குள்ளேயே பொதிந்திருக்கும், சொல்லோ தனிப் பகுதியில் கிடக்கும். 1991-இல் டோர்வால்ட்ஸின் முதல் சோதனையும் ஒற்றை எழுத்துகள்தாம். ஒரு பணி ‘ஏ’ என்ற எழுத்தையே எழுதிக்கொண்டிருக்கும், இன்னொரு பணி ‘பி’ என்பதை. இரண்டும் மாறி மாறித் திரையில் வந்தபோது பணிகள் கைமாறுகின்றன என்று தெரிந்துகொண்டார். கெர்னல் எழுதத் தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது யோசனை, திரையை நம்பாமல் முதலில் சீரியல் போர்ட்டைப் பேசவைப்பது. பிசியில் அதன் முகவரி 3எஃப்8. அங்கே ஒரு பைட்டைப் போட்டால் மறுமுனையில் அது எழுத்து. ஆனால் அதற்கும் ஒரு நிதானம் வேண்டும். நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில், ஓர் எழுத்துக்கு 10 பிட் வீதம், ஒன்று போய்ச் சேர சுமார் 87 மைக்ரோ நொடி ஆகும். 3 கிகாஹெர்ட்ஸ் புராசசர் அதற்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்று சுற்றிவிடும். முன்னது போனதா என்று கேட்காமல் அடுத்தடுத்துத் திணித்தால் எழுத்துகள் தொலையும். போலிக் கணினியில் இது தெரியாது, அங்கே போர்ட் எப்போதும் தயார். நிஜக் கணினிக்கு மாற்றிய அன்றுதான் ‘வணக்கம்’ பல் விழுந்த வாயால் வரும்.

அந்த 87 மைக்ரோ நொடிக்கு இன்னொரு குணமும் உண்டு. பிழையைப் பிடிக்க நடுவில் ஓர் அச்சு வரி சேர்த்தால், அது நிரலைத் தாமதப்படுத்தி, இரு பணிகள் மோதும் நேரத்தையே மாற்றி, பிழையை ஒளித்துவிடும். வரியை நீக்கினால் பிழை திரும்பும். லினக்ஸ் கெர்னலோ தன் செய்திகளை முதலில் நினைவகத்தில் ஒரு வட்டப் பஃபரில் எழுதிவைத்துக்கொள்கிறது. கன்சோல் தயாரான பிறகு அவற்றை அதில் கொட்டுகிறது. திரை வருவதற்கு முன் அது சொன்னவையும் நமக்குக் கிடைப்பது அப்படித்தான். நினைவகத்தில் எழுதப்பட்டது அங்கே இருக்கும்வரை, திரை செத்தாலும் வெளியிலிருந்து தோண்டிப் படிக்கலாம்.

கடைசியாக ஓர் ஆசை. சீரியலில் வந்த வணக்கம் கியூஎமுவின் திரையிலும் வரட்டுமே என்று தொடக்கக் கட்டளையில் கன்சோல்களின் வரிசையை மாற்றினேன். கெர்னல் எழுந்தது. செய்திகள் ஓடின. இனிட் ஓடியது. திரையில் வணக்கம் இருக்க வேண்டிய இடத்தில் பொருளில்லாத சில மாற்றுக் குறிகள் நின்றன.

இம்முறை எந்த இணைப்பும் அறுந்திருக்கவில்லை. ‘ரைட்’ 22 என்று சரியாகவே திருப்பித் தந்தது, கெர்னல் வாங்கியது, டிரைவர் திரையில் வைத்தது. பிசியின் எழுத்துத் திரையில் 256 உருவங்களுக்குத்தான் இடம். நிறத்தில் ஒரு பிட்டை விட்டுக்கொடுத்தால் 512 வரை வைக்கலாம். ஆங்கிலம், ஐரோப்பிய மொழிகளின் சில எழுத்துகள், பெட்டி வரையும் கோடுகள் எல்லாம் அதில் உண்டு. ‘வ’ இல்லை.